பின்னால் ஏறிப் பார்த்த பிறகு

கிண்ணியாவில் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறார் என்றால், பிஸ்மி சொல்லிப் படியிறங்கியதும் முதலில் தேடுவது முஹம்மது தம்பியைத்தான்.

மாவுக்கும் சீனிக்கும் கூட்டுறவுக் கடை வாசலில் வரிசை நின்ற காலம் அது. புது மோட்டார் சைக்கிள் நாட்டுக்குள் வருவதே நின்று போயிருந்தது. ஓடுவதெல்லாம் யாரோ ஓட்டிக் களைத்துக் கைவிட்டவை. ஆகவே நல்ல பழைய சைக்கிளுக்கும் நல்ல மாப்பிள்ளைக்கும் ஊரில் ஒரே மாதிரி விசாரணை நடந்தது. மாப்பிள்ளைக்கு விசாரிக்கப் பலபேர் இருந்தார்கள். சைக்கிளுக்கு முஹம்மது தம்பி ஒருவர்தான்.

அவர் மெக்கானிக் இல்லை. துறையடியில் பாதை வேலை. பெரிய தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்து, ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதப்பைத்தான் அந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். கயிறு வீசிக் கட்டுவதும் ஏறு பலகையைப் போடுவதும் எடுப்பதும் அவருடைய பாடு. பாதையில் ஏறும் எந்த மோட்டார் சைக்கிளும் எஞ்சினை நிறுத்தித் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அக்கரை சேர்ந்ததும் மறுபடி உதைத்துக் கிளப்ப வேண்டும். திருகோணமலைக்குப் போய்வரும் சைக்கிள்கள் எல்லாம் இப்படி அவருடைய காலடியில் நின்று, இருமி, தும்மி, உயிர் பெற்றுத்தான் போயின. எது ஒரே உதையில் எழும்பும், எது சொந்தக்காரனின் சாரம் அவிழும்வரை எழும்பாது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"சில்லுக்கு மேல மூடுற மடக்காட்டுக்கு அடியில விரலை விட்டுப் பாரு" என்பார் வாங்கப் போகிறவரிடம். "உப்புத் தண்ணி தின்ன இரும்பு பிட்டு மாதிரி உதிரும். சாம்பல் பெயின்ற் அடிச்ச சைக்கிளெண்டா கிட்டயும் போகாத. அது கப்பலுக்கு அடிக்கிற பெயின்ற். எந்த ஓட்டையையும் மூடும்."

துறைமுகத்துச் சாம்பல் பெயின்ற் அன்றைக்குத் திருகோணமலையில் பாதி வீட்டு வாசற்படலைகளில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தார். விற்பவன் வீட்டுக்குக் காலையில் போ. போனதும் எஞ்சினில் கையை வை. சூடாயிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வா. ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். சூடான எஞ்சின் விற்பவன் சொல்லிக்கொடுத்ததைப் பேசும்.

இப்படி ஊருக்கெல்லாம் சைக்கிள் தேர்ந்து கொடுத்த மனிதர், தன் மனைவியை மிதிசைக்கிளில் ஏற்றித் திரிந்தார்.

மனைவி ஜெஸீமா அரசாங்க மருத்துவமாது. பேறு பார்க்கிறவள். ஊர்ப் பெண்களுக்கு அவள் 'ராத்தா', கூடப் பிறக்காத அக்கா. அவர் எல்லோருக்கும் 'காக்கா', அண்ணன். வயலுக்கு அப்பால் மணல் ஒழுங்கைகளின் கோடியில் இருந்த குடிசைகளிலிருந்தும் அழைப்பு வரும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் இருக்க, அவர் மூச்சிரைக்க மிதிப்பார். மணல் வந்தால் இருவரும் இறங்கித் தள்ளுவார்கள். மழை வந்தால் மாட்டு வண்டில்.

அந்த மாரியில்தான் அது நடந்தது. வண்டில் சேற்றில் புதைந்து, மாட்டை அவிழ்த்து, சில்லைத் தூக்கி, அவள் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்திருந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி ஒரு கை உதவியிருந்தால் அழுதிருக்க வேண்டிய பிள்ளை. அந்தச் சின்ன உடம்பைக் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தவள் குசினி வாசலில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழும்பவில்லை.

"இன்னொண்டு இப்பிடி என்ட கையில வந்தா, நான் இந்த வேலையை விட்டுருவன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் முஹம்மது தம்பி தாங்கியிருப்பார்.

அந்தப் பெண்களுக்கு அவளை விட்டால் வேறு யார்? அவளுக்கும் அந்த வேலையை விட்டால் வேறு என்ன?

"மோட்டார் சைக்கிள் ஒண்டு எடுப்பம் புள்ள" என்றார் அவர். சொல்லிவிட்டு நெஞ்சுக்குள் ஒருதரம் நடுங்கினார்.

ஏன் நடுங்கினார்? ஊரில் ஒருவருக்கும் தெரியாத ஒரு விசயத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். முஹம்மது தம்பிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. வாங்குகிறவன் ஓட்டிப் பார்ப்பான். இவர் கைகட்டிக் கண்ணை மூடிச் சத்தம் கேட்பார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு இருந்த மதிப்பில், பள்ளிவாசலில் அவருக்கு ஒதுங்கி இடம் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். இந்த வயதில் போய், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

திருகோணமலைச் சுகாதாரக் கந்தோரில் ஜெஸீமாவுக்குக் கூட்டம் இருந்த ஒருநாள், அதிகாலைப் பாதையில் மூவராகப் புறப்பட்டார்கள். மூன்றாவது ஆள் தையற்கார றஊப். முஹம்மது தம்பி தேர்ந்து கொடுத்த சைக்கிளைத்தான் அவன் ஓட்டினான். வாய் மட்டும் சொந்தம்.

"நீ ஓட்டிப் பாரு. நான் சத்தம் கேக்கணும்" என்று சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

முதலில் பஸ் நிலையத்துப் பக்கம் இரத்தினசிங்கம் முதலாளியின் கடை. சிவப்புச் சைக்கிள், வாசலிலேயே மணவறைப் பெண்போல நின்றது. டாங்கியில் முகம் பார்க்கலாம். றஊப் முகம் பார்த்து மீசையும் தடவிக்கொண்டான். முஹம்மது தம்பி மெல்லக் குனிந்து எஞ்சினில் கையை வைத்தார்.

"முதலாளி, விடியக் காலமே எங்க போய் வந்தீங்க?"

"எங்கயும் போகேல்லையே காக்கா. இப்பதான் கடை திறந்தனான்."

"அப்ப சைக்கிளுக்குக் காய்ச்சல். சுகமானதும் வாறம்."

தெருவுக்கு வந்ததும் றஊப் சிரித்த சிரிப்பில் ஜெஸீமாவும் முக்காட்டை வாயில் பிடித்துக்கொண்டாள். முஹம்மது தம்பிக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது.

அடுத்தது அன்புவழிபுரத்தில் பற்றிக் என்பவரின் வீடு. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். முழங்கால் வாதம். உதைத்துக் கிளப்ப முடியாமல் போனதால் சைக்கிளை விற்கிறார். மனைவி கிறேஸ் கதிரைகளை வெளியே எடுத்துப் போட்டுத் தேநீர் கொண்டுவந்தாள். வட்டமான முகம், வட்டமான உடம்பு, வட்டமான சிரிப்பு.

சைக்கிள் வேப்பமரத்தடியில் நின்றது. கறுப்பு. அங்கங்கே துருப்பிடித்த கறள். கைப்பிடி ஒருபக்கம் சற்றுச் சாய்வு. முஹம்மது தம்பிக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கறளை மறைக்காத சைக்கிள் பொய் சொல்லாது. எஞ்சின் கிணற்றுக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. மடக்காட்டுக்கு அடியில் விரலை விட்டார். இரும்பு இரும்பாகவே இருந்தது. தானே ஒரு உதை உதைத்தார். ஒரே உதை. பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு எழும்பிற்று.

அவர் கண்ணை மூடினார். கேட்டார். தலையை ஆட்டினார்.

றஊப் ஏறி ஒழுங்கைக் கோடிவரை போய்த் திரும்பினான். "தொட்டில் மாதிரிப் போகுது காக்கா" என்றான்.

"அப்ப முடிச்சிருவம்" என்றார் முஹம்மது தம்பி.

பேச்சு முடிந்ததுபோலத்தான் இருந்தது. அதுவரை தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி பேசாமலிருந்த ஜெஸீமா, கிறேஸின் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, நீங்க பின்னால இரிந்து போகக்குள்ள எப்பிடி? மணலில இழுக்குதா?"

கிறேஸ் சிரித்தாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"நானோ? நான் ஒருநாளும் அதில ஏறினதில்லைத் தங்கச்சி. இவர் ஏத்தினதில்லை. மாதா கோயிலுக்கு இவர் சைக்கிளில போவார், நான் பஸ்ஸில போவன். பின் சீட்டைப் பாருங்கோ, புதுசு மாதிரி இருக்கு."

பற்றிக் வேப்பமரத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தார்.

ஜெஸீமா கோப்பையைக் கீழே வைத்தாள். பேறு பார்க்கிறவளுக்கு, ஒரு வீட்டில் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதுதான் முதலில் காதில் விழும்.

"இஞ்ச, எழும்புங்க" என்றாள் கணவரிடம். "நீங்க ஓட்டுங்க. நான் பின்னால இரிந்து பாக்கிறன்."

"அதெல்லாம் தேவையில்ல புள்ள. நான்தான் சத்தம் கேட்டனே."

"சத்தம் என்னை ஏத்திட்டுப் போகாது."

"நான் வேணுமெண்டா…" என்று தொடங்கிய றஊப் தானாகவே நிறுத்திக்கொண்டான். அவனுக்குப் பின்னால் அவள் ஏற மாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும்.

முஹம்மது தம்பி எழுந்தார். சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கைப்பிடியைத் தொட்டார். கையை எடுத்தார். பாதை கவிழ்ந்து கடலுக்குள் போகிறவனுக்குக்கூட அத்தனை நினைவுகள் வந்திருக்காது. பிறகு, சைக்கிளைப் பார்த்தே சொன்னார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

றஊப் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான்.

"ஊரில பாதிப்பேருக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மனிசன். நீச்சல் தெரியாதவன் தோணி வித்த மாதிரி."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஜெஸீமா மெதுவாக.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"கியர் தட்டுறவங்கட செருப்பு மேல்பக்கமும் தேஞ்சிரிக்கும். ஒங்கட செருப்பு அடி மட்டும்தான் தேயுது. நான் தானே தைக்கக் கொண்டு போறவ."

"தெரிஞ்சும் ஏன் இத்தனை பேருக்கு முன்னால கேட்ட?"

"வீட்டில கேட்டா நாளைக்கு, நாளைக்கெண்டு தள்ளுவீங்க. அங்க ஒருத்தி வலியில கிடக்கக்குள்ள என்னையும் என்ட பெட்டியையும்தான் சைக்கிள் சுமக்கும். ஒங்கட மானத்தையும் சேத்துச் சுமக்க அதுக்கு ஏலாது."

புதைத்த பிள்ளையின் நினைவு அந்த முற்றத்தில் ஒருகணம் வந்து நின்று போயிற்று. முஹம்மது தம்பி தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் விசித்திரம் பாருங்கள், அவமானத்தில் செத்துவிடுவோம் என்று இத்தனை காலம் பயந்தவருக்கு, சொல்லி முடித்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோலத்தான் இருந்தது.

"அண்ணை" என்று அவர் பற்றிக்கிடம் திரும்பினார். "நீங்க அக்காவை ஏத்தி ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. நான் உதைச்சுத் தாறன்."

பற்றிக் மறுத்தார். முழங்கால் என்றார், வெயில் என்றார். கிறேஸ் ஏற்கனவே சேலையைச் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் புருஷனும் இறங்கு என்று சொல்லியிருக்க மாட்டான்.

ஒழுங்கை மணலில் சைக்கிள் கொஞ்சத் தூரம் போயிற்று. பிறகு எஞ்சின் அலறியது. அலறிய அளவுக்குச் சக்கரம் ஓடவில்லை. மெல்ல மெல்ல நகர்ந்து நின்றே விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். கிறேஸ் இறங்கினாள்.

"என்ர பாரமோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"பிறகென்ன?"

பற்றிக் பேசத் தொடங்கினார். கலியாணம் முடித்த கையோடு, அவளை ஏற்றித் திரியவென்றே ஆசையாசையாக வாங்கிய பழைய சைக்கிள் அது. வாங்கிய மறுநாள் கூட்டாளி மைக்கலை ஏற்றிக்கொண்டு போனபோது சந்தைக்கு முன்னால் இப்படி அலறி நின்றது. ஊர் சிரித்தது. தனியாக ஓடினால் ஒரு குறையும் இல்லை.

"ஏமாந்து வாங்கிப்போட்டன் எண்டு புதுப் பொம்பிளையிட்ட எப்பிடிச் சொல்லுறது? பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு… காலம் போயிட்டுது."

கிறேஸின் கண்கள் நிறைந்தன.

"நான் தடிச்சவள், கறுத்தவள், பக்கத்தில வைச்சுக்கொண்டு போக உங்களுக்கு வெட்கம் எண்டெல்லோ நினைச்சிருந்தனான். மாதாவுக்கு முன்னால இதைச் சொல்லி எத்தனை தரம் அழுதிருப்பன். ஒரு பழைய சைக்கிளுக்காகவோ?"

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அதே தலைப்பால் அவருடைய தோளில் ஓர் அடியும் வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வேலிக்கு மேலால் பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. பற்றிக்குக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் முழங்கால் வாதத்தையும் மறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இத்தனை கண்ணீருக்கு நடுவிலும் கண்ணை மூடி நின்ற ஒருவர் முஹம்மது தம்பி.

"எஞ்சினில பிழையில்ல" என்றார். "அது நல்லா உழைக்குது. உழைச்சது சக்கரத்துக்குப் போய்ச் சேரல்ல. நடுவில கிளச்சுக்குள்ள தக்கை தேஞ்சு வழுக்குது."

பாதையில் நிற்கும் சைக்கிளைத்தான் அவருக்குத் தெரியும். பாரம் ஏற்றி மணலில் போகும் சைக்கிளை அவர் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்டார், விளங்கிற்று.

"அது எங்க இப்ப கிடைக்கும்? சாமானே வாறதில்லையே" என்றார் பற்றிக்.

"வலைக்குக் கட்டுற மிதப்புத் தக்கை எங்கட கரையில கிடக்கு. பதமா வெட்டிப் போட்டா சரி. நான் கொண்டு வாறன். போட்டு, அக்காவை ஏத்தி, இதே மணலில ஓட்டிக் காட்டுங்க. பிறகு கைமாறுவம்."

அடுத்த வாரம் தக்கை வந்தது. பற்றிக்குக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அதை வெட்டிப் போட்டார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முஹம்மது தம்பியும் ஜெஸீமாவும் றஊப்பும் அன்புவழிபுரத்துக்குப் போனபோது வீட்டில் ஆள் இல்லை. படலையடியில் நின்றார்கள். சற்று நேரத்தில் ஒழுங்கைக் கோடியில் சைக்கிள் வந்தது. பற்றிக்குக்குப் பின்னால் கிறேஸ். கோயில் வாசலில் யாரோ உதைத்துக் கொடுத்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போட்ட முக்காடு காற்றில் பறந்தது. மணலில் வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து நின்றது.

பார்த்தவுடன் முஹம்மது தம்பிக்கு இரண்டு விசயம் விளங்கிற்று. ஒன்று, சைக்கிள் இப்போது பொன். இரண்டு, இந்தப் பொன் கைக்கு வராது.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ" என்றாள் கிறேஸ், சீட்டிலிருந்து இறங்காமலே. "இத்தனை காலத்துக்குப் பிறகு இப்பதான் ஏறினனான். விக்க மனமில்லை."

"கிறேஸ், நான் வாக்குக் குடுத்திட்டன்" என்றார் பற்றிக்.

"எனக்கும் ஒரு வாக்குக் குடுத்துத்தானே கலியாணம் முடிச்சனீங்கள்?"

ஜெஸீமா வாதாடவில்லை. கிறேஸின் பக்கத்தில் போய் நின்று, சேற்றில் புதைந்த வண்டிலைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குடிசையைச் சொன்னாள். கழுவிச் சுற்றிக் கொடுத்த பிள்ளையைச் சொன்னாள். "ஆம்பிளப் புள்ள அக்கா. முடி நிறைய இரிந்திச்சு" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

கிறேஸ் இறங்கினாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் பூப்போட்ட சீத்தைத் துணியில் தைத்த ஒரு சின்ன மெத்தை இருந்தது.

"பின் சீட்டு கட்டி. இந்தக் கிழமைதான் தைச்சனான்" என்று அதை ஜெஸீமாவின் கையில் வைத்தாள். "எனக்குக் கோயிலுக்குப் பஸ் இருக்குத்தானே."

ஜெஸீமா மெத்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பேசியவர் முஹம்மது தம்பி.

"அக்கா, ஒங்கட மாதா திருநாளுக்கு வருசா வருசம் சைக்கிள் பாதையேறி வரும். அண்டைக்கு முழுக்க ஒங்கட சைக்கிள். அண்ணைக்கு முழங்கால் ஏலாட்டி, உதைக்க நான் வாறன்."

"ஓட்டியும் வருவீங்களோ காக்கா?" என்று பற்றிக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். முஹம்மது தம்பியும்தான்.

அன்று மாலை, றஊப் துறைவரை ஓட்டிவந்த சைக்கிள் பாதையில் ஏறியது. துறையடியே பார்த்து நின்றது. ஊருக்கெல்லாம் சைக்கிள் தேர்ந்தவர் தனக்கென்று எதைத் தேர்ந்திருக்கிறார்? கரை சேர்ந்ததும் முஹம்மது தம்பி ஏறு பலகை வழியே தள்ளி இறக்கினார். உதைத்தார். ஒரே உதையில் எழும்பிற்று. கூட்டத்தில் ஒரு மெச்சல் ஒலி. இனி ஏறி விடுவார் என்று வழி விட்டார்கள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் சத்தமாக. "நாளையிலிருந்து பழகப் போறன். சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க."

சிரித்தார்கள்தான். அடுத்த நாள் கடற்கரை ஈர மணலில் அவர் விழுந்தபோதும் சிரித்தார்கள். எழுப்பிவிட்டு, பிடித்து ஓடி, "கிளச்சை விடுங்க காக்கா, மெல்ல, மெல்ல" என்று கத்தியவர்களும் அவர்களேதான். அவரிடம் ஒருகாலத்தில் யோசனை கேட்டவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை திருப்பிக் கொடுத்தார்கள். எதையும் அவர் மறுக்கவில்லை. அடுத்த மாரி பிறக்குமுன் அவருடைய செருப்பு மேல்பக்கமும் தேய்ந்தது.

மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. வயலுக்கு அப்பாலிருந்து ஒருவர் நனைந்தபடி ஓடி வந்தார். ஜெஸீமா பெட்டியை எடுக்குமுன் முஹம்மது தம்பி முற்றத்தில் நின்றார். எஞ்சினில் கை வைத்துப் பார்க்கவில்லை. உதைத்தார். ஒரே உதை. சீத்தை மெத்தையில் ஜெஸீமா, மடியில் பெட்டி. ஈர மணலில் சைக்கிள் ஒருதரம் முனகியது. முஹம்மது தம்பி மூச்சைப் பிடித்தார். பிறகு தக்கை பிடித்தது. சக்கரம் சொல் கேட்டது. வண்டில் புதைந்த இடம் பக்கவாட்டில் வந்து, பின்னால் போயிற்று.

அவள் குடிசைக்குள் போன பிறகு அவர் வெளியே நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். சூடு. வாழ்க்கையில் எத்தனை சூடான எஞ்சின்களை நம்பாமல் திரும்பி வந்திருப்பார். இந்தச் சூட்டின்மேல் மட்டும் கையை எடுக்காமல் நின்றார்.

அது ஆறுவதற்குள் உள்ளே பிள்ளை அழுதது. பலமாக, கோபமாக, ஊரைக் கூட்டுகிற அழுகை.

ஜெஸீமா கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். முகம் வேர்த்திருந்தது. கண்ணும் வேர்த்திருந்தது.

"பொம்புளப் புள்ள" என்றாள். "என்ன, அழுறீங்களா?"

"இல்ல. சத்தம் கேக்கிறன்" என்றார் முஹம்மது தம்பி, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு.